கரித்தூள்

வாளியை வெளியே கொண்டுபோவது என் வேலை.
பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி,
வேலியோரக் கழிப்பறைவரை
ராத்திரியில் யார் நடப்பது?
அடுப்புக்குப் பின்னால் ஒரு வாளி.
விடிந்ததும் நான்.
அப்படித்தான் முதலில் என் கண்ணில் பட்டது,
அவனுக்கு முன்பே, டாக்டருக்கு முன்பே:
நுரை.
குதிரைப் பால் கறந்த பாத்திரத்தில் நிற்பதுபோல்
அடங்க மறுத்த நுரை.

பிறகு பூட்ஸ் காலில் ஏறவில்லை.
"கலைமான் தோல் சுருங்கிவிட்டது" என்றான்.
தோல் சுருங்கவில்லை, த்யூலுஸ்தான்.
உன் கணுக்காலில் என் விரல் வைத்த குழி
தேநீர் ஆறும்வரை மூடவில்லை.

ஏப்ரலில் லேனா ஆற்றின்மேல்
பனி அறுக்கும் குழுவோடு போனான்.
வடக்கே ஓடும் ஆறு இது.
தெற்கில் முதலில் உடைந்து
பாளம் பாளமாய் இறங்கி வரும்,
எங்கள் வளைவோ அப்போதும் கல்லாய்க் கிடக்கும்.
பனி மாட்டிக்கொள்ளும், தண்ணீர் பின்வாங்கி
ஊருக்குள் ஏறும்.
அதற்காகத்தான் முன்கூட்டியே அறுப்பது,
கறுப்பாக்குவது.

மூன்றாம் நாள்
ரம்பத்தைப் பிடித்தபடியே மடங்கி விழுந்தானாம்.
இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம்,
யாரோ கடப்பாரை நுழைத்ததுபோல.
அன்றிரவு வாளியில் சிவப்பு.
அதை நான் கொட்டவில்லை.
மூடிபோட்டு, கம்பளியில் சுற்றி,
ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

வர்வாரா ஸ்பிரிடோனோவ்னா
திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேறும் நாளம்.
நிறம் ஓடவேண்டிய இடத்தில் ஒன்றுமே ஓடவில்லை.
"நுரையோடு போனது புரதம்" என்றார்.
"ரத்தத்தை உறையவிடாமல் காவல் காப்பதும்
அதோடு சேர்ந்து போய்விட்டது."
ஆறு மாதமாய்
காவல்காரர்களையா
வேலியோரம் கொட்டிவந்தேன்?

அவன் கேட்டான்:
"வளைவில் அடைத்துக்கொண்டதா?"
"அப்படித்தான்."
"வெடி வைக்க முடியாதா?"
அவர் சிரிக்கவில்லை.
"சிலருக்கு வைப்பதுண்டு.
உங்களுக்கு வைத்தால் கரையும் சேர்ந்து போகும்.
இந்த மருந்து கட்டியைக் கரைக்காது,
மேலே மேலே சேராமல் தடுக்கும்.
கரைப்பது உங்கள் உடம்பின் வேலை."

அவன் முகத்தில்
வாரம் முழுக்கக் காணாத ஒரு தெளிவு.
"கரித்தூள்" என்றான்.
"பனிமேல் நாங்கள் தூவுவோம்.
அது உருக்காது. உருக்குவது வெயில்."
கொஞ்ச நேரம் கழித்து:
"வெயில் வருமா?"
"தெரியாது" என்றார் டாக்டர்.
பொய் சொல்லாத அந்த வாயை
அன்று நான் வெறுத்தேன்.

வயிற்றில் ஊசி பத்து நாள். அப்புறம் மாத்திரை.
ரத்தம் எவ்வளவு தண்ணியாய் இருக்கிறதென்று
ஒரு எண், ஒரு நோட்டுப்புத்தகம்.
கத்தி அவன் கைக்குப் போகக்கூடாது;
உறைந்த மீனைச் சீவுவது இனி நான்.
என் சீவல் தடிமன் என்கிறான்.
குட்டிக்குதிரை ஈரலைத்
தபால் தராசில் நிறுத்துப் போடுகிறேன்,
வாரம்தோறும் ஒரே அளவு.
ஈரலுக்கும் மாத்திரைக்கும் ஆகாதாம், மாமியார் மருமகள்போல;
அளவு மாறாவிட்டால் ஒத்துப்போகுமாம்.

மே பதினேழு, ராத்திரி, பனி நகர்ந்தது.
வீடே உறுமியது.
அவன் ஜன்னலோரம் நின்று
பாளங்கள் முட்டும் சத்தத்தை வைத்தே
இப்போது தீவைத் தாண்டுகிறது,
இப்போது வளைவு,
என்று சொல்லிக்கொண்டிருந்தான்.
கை இடுப்பின் இடப்பக்கம் இருந்தது.
எங்கள் வளைவு திறந்துகொடுத்தது.
கீழே ஒரு ஊரில்
பசுக்கள் கூரையேறி நின்றதாகக் காலையில் சேதி.

ஜூனில் மறுபடி திரை.
நாளத்தின் ஓரமாய் ஒரு நூல் நீலம்.
"பாதிகூட இல்லை" என்றார் வர்வாரா.
அவன் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்,
ஊதியம் எண்ணுபவன்போல.

இப்போது வாளி தேவையில்லை.
அவனே நடந்து வெளியே போகிறான்.
திரும்பி வந்ததும் கேட்கிறேன்:
"நுரைத்ததா?"
"இருட்டில் தெரியவில்லை" என்கிறான்.
ஜூனில் இங்கே
இருட்டே கிடையாது.